பன்னிரண்டுக்கு ஒன்று குறைய

வெர்லீன் அனுப்பும் பட்டியலில் எப்போதும் இருக்கும்:
ஒற்றைக் கட்டில் விரிப்புகள், பேருந்துச் சீட்டுகள், பற்பசை.
வாய் கொப்பளிக்கும் மருந்து, சாராயம் கலக்காதது மட்டும்.
வனிலா எசென்ஸ் வேண்டவே வேண்டாம்.
இந்த மாதம் கடைசி வரி பென்சிலில்:
ஸ்பூன்கள் போதவில்லை.

என்னிடம் இருந்தன. அக்கா ஓப்பலின் கல்யாண வெள்ளி,
நீல வெல்வெட் பெட்டிக்குள் குழி குழியாகப் படுத்திருந்தது,
பன்னிரண்டுக்கு ஒன்று குறைய.
எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தேன்.
கொடுக்கிறவளின் முகம் ஒவ்வொன்றிலும்
தலைகீழாகத் தெரிந்தது.
பெருமையாகத்தான் இருந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கி. இந்தப் பக்கம்
மூடிய எஃகு ஆலை, மூடிய செருப்பு ஆலை,
மூடாத ஒரு மருந்துக் கடை.
மேட்டுத் தெருவில் பழைய போதகர் வீடுதான்
இப்போது மாரா இல்லம்.
கசப்பு என்றா பெயர் வைப்பார்கள் என்று
சபையில் முணுமுணுத்தார்கள்.
வெர்லீன் மாற்றவில்லை.
"அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குப் புரியும்" என்றாள்.

ஆறு பெண்கள், ஒரு குளியலறை.
ஃபிரிட்ஜ் கதவில் யார் எந்த நாள் கூட்டுவது என்ற தாள்.
பூட்டிய மாத்திரைப் பெட்டி.
காலை ஜெபத்துக்கு முன் சிறுநீர்க் குப்பி,
பெயரும் தேதியும் ஒட்டி.

புதன் இரவு பீன்ஸ் சூப்.
எல்லோரும் ஸ்பூனை எடுத்தார்கள். ட்ரீனா எடுக்கவில்லை.
கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தாள்.
காப்பியை முள்கரண்டிக் காம்பால் கலக்கினாள்.
எனக்குச் சுருக்கென்றது.
மகாராணிக்கு வெள்ளி போதாதோ என்று நினைத்தேன்.
நினைப்பதை முகத்தில் காட்டாமலிருக்க
எனக்கு இந்த வயதிலும் வரவில்லை.

பாத்திரம் கழுவும்போது அவளே சொன்னாள்,
நுரையைப் பார்த்துக்கொண்டு:
"அடியில் கரி இருக்கிறதா என்று
கை தானாகத் திருப்பிப் பார்க்கிறது, மேடம்.
இல்லையென்றால் ஏமாற்றமாக இருக்கிறது.
அந்த ஏமாற்றத்துக்குத்தான் பயம்."

ஈரம் போன தட்டையே
துடைத்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டாவது எங்கே என்று எனக்குத் தெரியும்.
அக்கா மகள் ரேலின், வாஷ்பேசினுக்குப் பின்னால்
குழாய் இடுக்கில் செருகி வைத்திருந்தாள்.
அவளை அடக்கம் செய்த மறுநாள் நான்தான் கண்டெடுத்தேன்.
எலுமிச்சை, உப்பு, பிறகு இரும்பு நார்.
போகவில்லை.
பாலத்தின் நடுவில் காரை நிறுத்தி ஆற்றில் எறிந்தேன்.
பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

ஓப்பல் சாகும்வரை அதைத் தேடினாள்.
விருந்து நாள் வந்தால் எண்ணுவாள்,
எண்ணி முடித்ததும் என்னைப் பார்ப்பாள்.
குப்பையோடு போயிருக்கும் என்பேன்.
அந்த நான்தான்
மீதியைப் பளபளப்பாக்கி
இந்த மேசையில் கொண்டுவந்து பரப்பினேன்.

எடுத்துப் போய்விடட்டுமா என்று வெர்லீனிடம் கேட்டேன்.
"இருக்கட்டும். என்றைக்காவது யார் வீட்டிலாவது
அவள் ஓட்ஸ் கஞ்சி குடிக்க வேண்டிவரும்.
அது கிடக்கட்டும், வெந்நீர்க் கொதிகலன் செத்துவிட்டது,
ஏதாவது பார்க்க முடியுமா?"

முப்பத்தைந்து டாலருக்கு எழுதிய காசோலையைக் கிழித்து
வேறொன்று எழுதினேன்.
அதில் தர்மம் எவ்வளவு, ஆற்றில் எறிந்தது எவ்வளவு என்று
கர்த்தர் பிரித்துக்கொள்ளட்டும்.

அறுபத்தோராம் நாள். அவள் கணக்கு, என்னுடையதல்ல.
ட்ரீனா ஒன்றை எடுத்தாள்,
பிடித்துணியால் சுற்றி, சூடான பொருளைப் போல.
சர்க்கரை கரைந்த பிறகும் கலக்கிக்கொண்டே இருந்தாள்.
டிங், டிங், டிங்.
யாரும் தலை நிமிரவில்லை.
ஒருத்தி அவசரமாக உப்பு கேட்டாள்,
உப்பு அவள் முன்னாலேயே இருந்தது.

கொதிகலன்காரன் வெள்ளிக்கிழமைதான் வருவானாம்.
மாடியில் யாரோ
பச்சைத் தண்ணீரில் நின்று
கர்த்தரைப் பெயர் சொல்லிக் கத்தினாள்.